நன்றி சொல்வதற்கு முன் நன்றி அறிதல்: தினசரி நினைவுகூரல் வறண்டு போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

#1 மழைத்துளி

வணக்கம். இறைவன் தந்ததை நினைத்துப் பார்த்து நன்றி சொல்லும் பழக்கத்தைப் பற்றி இங்கே பலரும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை ஒரே இடத்தில், செய்முறையாகச் சேர்த்து வைக்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். எந்தச் சமயத்தவரும் எழுதுங்கள். எங்கள் வழிதான் உயர்ந்தது என்ற வாதம் மட்டும் வேண்டாம்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் நின்றுபோவது மூன்று இடங்களில். ஒன்று, பத்துப் பதினைந்து நாளில் பட்டியல் தேய்ந்துவிடுகிறது. குடும்பம், உடல்நலம், வேலை, மறுபடியும் குடும்பம், உடல்நலம், வேலை. இரண்டு, நோய், இழப்பு, கடன் என்று நெருக்கும்போது நன்றி சொன்னால் பொய் சொல்வது போல இருக்கிறது. மூன்று, கிடைத்ததை எண்ணிப் பார்ப்பது மனசை லேசாக்கும் ஒரு உத்தியாக மட்டும் சுருங்கி, இறைவன் அதில் காணாமல் போய்விடுகிறார். இந்த மூன்றுக்கும் என்ன வழி? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

#2 பழையஏடு

நல்ல இடத்தில் தொட்டிருக்கிறீர்கள். நான் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், செய்முறையில் பாதி அதற்குள் இருக்கிறது.

இன்று நன்றி என்பது வாயால் சொல்லும் ஒரு சொல். பழந்தமிழில் அது நமக்குச் செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. செய்யப்பட்ட நன்மையை அறிதல். சொல்லுதல் என்று வைக்கவில்லை, அறிதல் என்று வைத்தார். வள்ளுவர் அங்கே பேசுவது மனிதர் மனிதருக்குச் செய்யும் உதவியைத்தான். ஆனால் இறைவனிடமும் முதல் படி அதுவே. வந்தது எது, எப்போது வந்தது, யார் கை வழியாக வந்தது, வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த நான்கையும் யோசிக்காமல் 'எல்லாவற்றுக்கும் நன்றி, ஆண்டவா' என்றால் வாய்க்கு வேலை, மனசுக்கு வேலையில்லை.

பட்டியல் தேய்வதற்குக் காரணம் நன்மைகள் தீர்ந்துபோவது அல்ல, தலைப்புகள் தீர்ந்துபோவது. 'உடல்நலம்' என்பது ஒரு தலைப்பு. ஒரு மனிதருக்கு அப்படிப்பட்ட தலைப்புகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருக்காது, அவை இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். தலைப்பின் கீழே இறங்க வேண்டும். 'மதியம் மூன்று மணிக்குக் கழுத்துப் பிடிப்பு விட்டது, தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிந்தது' என்று எழுதினால், அது அந்த ஒரு நாளுக்கு மட்டுமே உரியது. நாளைக்கு அதை அப்படியே எழுத முடியாது. அதனால் தேயவும் தேயாது.

ஒரு வாய் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் அந்த நொடியில் அண்ணத்தின் பின்பகுதி எழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலே ஏற, குரல்வளை மூடி மடிந்து மூச்சுக்குழலின் வாயை மறைக்கிறது. மூச்சு தானாகவே ஒரு கணம் நிற்கிறது. தண்ணீர் உணவுக்குழலுக்குள் போனதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பி, மூச்சு மறுபடி ஓடுகிறது. இதில் ஒரு இம்மி பிசகினால் புரையேறும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை, தூக்கத்தில்கூட, நாம் கேட்காமலே இது நடக்கிறது. 'தண்ணீருக்கு நன்றி' என்பதற்கும், இதைத் தெரிந்துகொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு நன்றி சொல்வதற்கும் உள்ள தூரம்தான் சொல்லுக்கும் அறிதலுக்கும் உள்ள தூரம்.

ஆகவே என் விதி இது. ஒரு நாளைக்கு ஒன்று, அதிகம் போனால் மூன்று. ஒவ்வொன்றிலும் மேலே சொன்ன நான்கு கேள்விக்கும் விடை இருக்க வேண்டும். நீளம் மூன்று நான்கு வரி போதும். பத்து வரிக்கு மேல் போனால் எழுத்தின் அழகில் கவனம் போய்விடும். ஒரு முறை எழுதியதை அதே வடிவத்தில் மறுபடி எழுதக்கூடாது. மகளைப் பற்றி நூறு நாள் எழுதலாம், ஆனால் நூறும் நூறு வேறு வேறு காரியமாக இருக்கட்டும்.

#3 கைவிளக்கு

பழையஏடு ஐயா சொன்ன 'அறிதல்' லூக்கா 17ஆம் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. இயேசுவால் குணமான தொழுநோயாளிகள் பத்துப் பேர், திரும்பி வந்தவன் ஒருவன். அவனைப் பற்றிச் சொல்லும்போது, தான் குணமானதைக் கண்டு திரும்பி வந்தான் என்றுதான் வருகிறது. கண்டான், திரும்பினான், பிறகே சொன்னான். மற்ற ஒன்பது பேரும் நடந்துகொண்டேயிருந்தார்கள்.

நாளைத் திரும்பிப் பார்க்கும் முறைகளில் எனக்குத் தெரிந்து மிகத் தெளிவானது, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனை. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளில் அது ஐந்து படிகளாக இருக்கிறது. பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வது, தன் தவறுகளை அறிய அருள் கேட்பது, எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாகக் கணக்குப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தி நடக்கத் தீர்மானிப்பது. நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். தவறிலிருந்து தொடங்குகிறவர் ஐந்தாவது நிமிடத்தில் தன்னையே திட்டிக்கொண்டிருப்பார். நன்றியிலிருந்து தொடங்குகிறவர் தன் தவறைப் பார்க்கும்போது, தன்னை நேசிக்கிற ஒருவர் முன்னால் நின்று பார்க்கிறார். பார்வையே வேறாகிவிடும்.

பதினைந்து நிமிடம் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் நிமிடம் வெறுமனே உட்காருங்கள், மூச்சு சீராகட்டும். அடுத்த ஐந்து நிமிடம் நன்றிக்கு. ஒரு நிமிடம் ஒளி கேட்க. ஐந்து நிமிடம் நாளைத் திரும்பிப் பார்க்க. மீதி மூன்று நிமிடம் மன்னிப்புக்கும் மறுநாளுக்கும். ஐந்தே நிமிடம்தான் கிடைக்கும் என்றால் மற்றதைக் குறையுங்கள், நன்றியைக் குறைக்காதீர்கள்.

அந்த நன்றிக்கான ஐந்து நிமிடத்தில் நாளை ஆறு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்: எழுந்தது, வெளியே கிளம்பியது, முற்பகல், மதியம், மாலை, இருட்டிய பின். ஒவ்வொரு துண்டிலும் ஒரு இடத்தையும் ஒரு முகத்தையும் கண்முன் கொண்டுவாருங்கள். 'முற்பகலில் நல்லது என்ன?' என்று கேட்டால் மனசு சும்மா இருக்கும். 'முற்பகலில் எங்கே உட்கார்ந்திருந்தேன், யார் குறுக்கே வந்தார்?' என்று கேட்டால் காட்சி வரும், காட்சியோடு நன்மையும் வரும்.

வழக்கமாகக் கோளாறாகும் இடங்கள்: படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்வது (மூன்றாவது துண்டிலேயே தூங்கிவிடுவோம், நாற்காலியில் உட்கார வேண்டும்). நாளுக்கு மதிப்பெண் போடுவது. இன்று நல்ல நாள், இன்று மோசமான நாள் என்று தீர்ப்பு எழுத உட்காரவில்லை, கிடைத்ததைப் பொறுக்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

#4 எண்சுவடி

மழைத்துளி கேட்ட மூன்றாவது கேள்விக்குப் போவதற்கு முன், ஆய்வுகள் சொல்வதையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்வோம். இவை இறைவனைப் பற்றியவை அல்ல. ஆனால் பழக்கம் எப்படி நிற்கிறது, எப்படிக் கெடுகிறது என்பதற்கு உதவும்.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு வாரம் ஒரு முறை, ஐந்து வரை, நன்றிக்குரியவற்றை எழுதியது. இன்னொரு குழு தொல்லைகளை எழுதியது. மூன்றாவது குழு வெறும் நிகழ்வுகளை எழுதியது. பத்து வாரம். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையை மொத்தமாக நல்லவிதமாக மதிப்பிட்டார்கள், உடல் உபாதைகளையும் குறைவாகச் சொன்னார்கள்.

சோன்யா லுபோமிர்ஸ்கி குழு 2005இல் தெரிவித்தது நமக்கு இன்னும் நேரடியாகப் பயன்படும். ஆறு வாரம் நடந்த அந்தச் சோதனையில் வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி செய்தால் சடங்காகிவிடுகிறது என்பதே அதற்கு அவர்கள் தரும் விளக்கம். அதே 2005இல் மார்ட்டின் செலிக்மன் குழு செய்த சோதனையில், ஒரு வாரம் தினமும் இரவில் மூன்று நல்ல காரியங்களை, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தோடு எழுதச் சொன்னார்கள். அதன் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைவிட 'ஏன் நடந்தது' என்று கேட்பதில்தான் உயிர் இருக்கிறது. பழையஏடு ஐயாவின் 'யார் கை வழியாக' என்ற கேள்வியும் அதுதான்.

இன்னொன்று 2008இல் மின்கியோங் கூ குழு செய்தது. நடந்த நல்லதை நினைப்பதைவிட, அது எப்படியெல்லாம் நடக்காமல் போயிருக்கலாம் என்று எழுதியவர்களுக்கு மனநிலை அதிகம் மேம்பட்டது. செய்முறையாகச் சொன்னால்: வாழ்க்கைத் துணையைச் சந்தித்த அந்த நாளை எடுங்கள். அன்று நடந்த தற்செயல்களை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். மழை பெய்யவில்லை, வண்டி தாமதமாகவில்லை, அந்த நண்பர் வரவில்லை. கடைசியில் எஞ்சும் வெற்றிடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நிகழ்காலத்துக்குத் திரும்புங்கள். இதை மாதம் ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். பதற்றம் அதிகம் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம், அவர்கள் கற்பனை வெற்றிடத்திலேயே தங்கிவிடும்.

#5 மழைத்துளி

அப்படியானால் வாரம் ஒரு முறை போதும் என்று முடிவு செய்துவிடலாமா? தினசரி வழிபாடு உள்ளவர்களுக்கு அது பொருந்தாதே.

#6 நிழல்மரம்

சகோ, சோதனை அளந்தது மனநிலையை. வணக்கத்தை மனநிலைக்காகச் செய்வதில்லை. எழுதுவதை வாரம் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள், சொல்வதைத் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

இஸ்லாமிய மரபில் ஷுக்ர், அதாவது நன்றி, என்பதை இமாம் கஸ்ஸாலி மூன்று பகுதியாகப் பிரிக்கிறார்: இல்ம், ஹால், அமல். அருள் யாரிடமிருந்து வந்தது என்று அறிவது இல்ம். அதனால் உள்ளத்தில் எழும் பணிவும் மகிழ்ச்சியும் ஹால். அந்த அருளை, தந்தவன் விரும்பும் வழியில் செலவிடுவது அமல். மழைத்துளியின் மூன்றாவது கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். மனசை லேசாக்கும் உத்தி ஹாலோடு நின்றுவிடும். இறைவனுக்கான நன்றி இரண்டு பக்கமும் நீளும். முன்னால் தந்தவனை நோக்கி, பின்னால் செயலை நோக்கி.

அமல் என்றால் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மலைக்க வேண்டாம். கண்ணுக்கான நன்றி, பிறரிடம் கண்ட குறையை மூடிவைப்பது. காதுக்கான நன்றி, கேட்ட குறையை அங்கேயே புதைப்பது. இந்த எடுத்துக்காட்டுகளும் கஸ்ஸாலி தருபவையே. இந்த வழியில் ஒரு பக்கம் இடவலமாக இரண்டு பத்தி போட்டுப் பாருங்கள். வலது பத்தியில் இன்று கிடைத்த அருள், இடது பத்தியில் அதே அருளைக்கொண்டு நாளை செய்யப்போகும் ஒரு காரியம். 'இரவு ஆறு மணி நேரம் இடையில் விழிக்காமல் தூங்கினேன்' என்றால், 'காலையில் வீட்டில் யாரிடமும் எரிந்து விழமாட்டேன்'. காரியம் சின்னதாக, நாளைக்கே முடிவதாக இருக்க வேண்டும். 'இனி நல்லவனாக இருப்பேன்' என்று எழுதினால் அந்தப் பத்தி செத்தது.

தொழுகைக்குப் பின் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33 அல்லது 34 ஓதும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். விரல் ஓடும் வேகத்துக்கு மனசு ஓடாது. அல்ஹம்துலில்லாஹ்வின் 33ஐ மனசுக்குள் மூன்று பதினொன்றாக வைத்து, ஒவ்வொரு பதினொன்றுக்கும் ஒரே ஒரு அருளை நிறுத்திக்கொண்டால் நாவும் உள்ளமும் சேர்ந்து நடக்கும். சொல்லிலோ எண்ணிக்கையிலோ எதையும் கூட்டவில்லை, கவனத்தை மட்டும் கட்டுகிறோம்.

பேரம் பேசுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். குர்ஆன் 14:7, நன்றி செலுத்தினால் அதிகப்படுத்துவேன் என்கிறது. அதை வட்டிக்கணக்காக எடுத்துக்கொண்டு, இத்தனை முறை சொன்னேன், இன்னும் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு. அதே அத்தியாயத்தின் 34ஆம் வசனம், அவன் அருட்கொடைகளை எண்ணினால் எண்ணி முடிக்க மாட்டீர்கள் என்கிறது. ஏற்கெனவே வந்ததையே எண்ணி முடிக்காதவர் இன்னும் வரவேண்டியதற்குக் கணக்கு வைப்பது எப்படி?

#7 தறிநூல்

நிழல்மரம் அண்ணன் சொன்ன கண், காது எடுத்துக்காட்டைப் படித்ததும் அப்பர் தேவாரம் நினைவுக்கு வந்தது. 'வாழ்த்த வாயும் நினைக்க மடநெஞ்சும் தாழ்த்தச் சென்னியும் தந்த தலைவன்' என்கிறார். வாழ்த்துவதற்கான கருவியையே தந்தவன் அவன். நன்றி சொல்ல முடிவதே முதல் நன்மை. பட்டியல் வறண்டது என்று சொல்கிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. வறண்டது என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறதல்லவா?

இதை வைத்து உடல்வழியாகப் போகும் ஒரு முறை உண்டு. எழுதவே தேவையில்லை, ஏழெட்டு நிமிடம் போதும். உட்கார்ந்து, உச்சியிலிருந்து பாதம் வரை ஒன்பது இடங்களில் நில்லுங்கள்: நெற்றி, கண், காது, வாய், தொண்டை, நெஞ்சு, வயிறு, கை, கால். ஒவ்வொரு இடத்திலும் மூன்று மூச்சு. அந்த மூன்று மூச்சுக்குள் அந்த உறுப்பு இன்று செய்த ஒரே ஒரு காரியத்தை நினையுங்கள். உறுப்பின் பெருமையை நினைக்க வேண்டாம், இன்று செய்ததை. கை என்றால், காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டது. கட்டைவிரல் பொத்தானைத் தள்ளுகிறது, சுட்டுவிரல் துளையைப் பிடிக்கிறது, பார்க்காமலே அது உள்ளே போய்விடுகிறது. கட்டைவிரலில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு அதே பொத்தானைப் போட்டுப் பார்த்தால் எத்தனை நேரம் ஆகும் என்று தெரியும்.

நெஞ்சிலும் வயிற்றிலும் நிற்கும்போது சில கணக்குகள் தெரிந்திருப்பது நல்லது. நிமிடத்துக்கு 70 முறை என்று வைத்தால் இதயம் ஒரு நாளில் லட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, கிட்டத்தட்ட அத்தனையையும் திரும்ப இரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றுகின்றன. டயாலிசிஸ் எந்திரத்தின் பக்கத்தில் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருப்பவர்களுக்கு அந்த 180 லிட்டரின் அருமை தெரியும்.

ஒரு எச்சரிக்கை. நோயுற்ற உறுப்பு வரும்போது சிலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், சிலர் அங்கேயே உட்கார்ந்து அழுவார்கள். இரண்டும் வேண்டாம். அந்த இடத்திலும் அதே மூன்று மூச்சு நில்லுங்கள். அந்த உறுப்புக்காக இன்று வேலை செய்த வேறொன்றை நினையுங்கள்: தாங்கிய மற்ற கால், கம்பு, மாத்திரை, பிடித்துக்கொண்ட ஒருவரின் தோள்.

#8 எண்சுவடி

நிழல்மரம் அவர்களிடம் ஒரு சந்தேகம். உங்களுக்குக் கீழே உள்ளவர்களைப் பாருங்கள் என்ற நபிமொழி உண்டல்லவா? தறிநூல் சொன்ன டயாலிசிஸ் எடுத்துக்காட்டும் அந்தப் பக்கம்தான் போகிறது. அடுத்தவர் துன்பத்தை வைத்து நாம் நிம்மதி அடைவது சரியாகப் படவில்லையே?

#9 நிழல்மரம்

நியாயமான கேள்வி. அந்த நபிமொழி தன் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது: உங்களுக்குக் கிடைத்த அருளை நீங்கள் அற்பமாக எண்ணாமல் இருப்பதற்காக. பார்வை அவர் துன்பத்தின்மேல் நிற்கக் கூடாது, நம் அருளின்மேல் வந்து நிற்க வேண்டும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அவரைப் பார்த்த பிறகு அவருக்காக ஒரு துஆவோ (பிரார்த்தனையோ), கையால் ஒரு உதவியோ வந்தால் அது ஷுக்ர். 'நல்லவேளை, நமக்கு இல்லை' என்று அதோடு திரும்பி நடந்தால் அது ஷுக்ர் இல்லை. கஷ்டப்படுகிறவர் எதிரிலேயே அப்படிச் சொல்வது பெருங்குற்றம்.

#10 வடகாற்று

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. அதுதான் கடினமானது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் (5:18) 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கள்' என்கிறார். எல்லாவற்றிலேயும், அதாவது எந்த நிலைக்குள் இருந்தாலும். எபேசியரில் (5:20) எல்லாவற்றுக்காகவும் என்றும் எழுதியிருக்கிறார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் பறிகொடுத்தவரிடம் போய் 'இதற்கும் நன்றி சொல்லுங்கள்' என்பது வேதத்தைக் கல்லாக எடுத்து எறிவது. அதே வேதத்தில் சங்கீதம் 13 இருக்கிறது. ஆறே வசனம். முதல் இரண்டும் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி, கடைசி வசனம் பாட்டு. 88ஆம் சங்கீதமோ இருட்டிலேயே முடிகிறது, பாட்டு வரவேயில்லை. இரண்டும் ஜெபம்தான். முறையிடுகிறவன் நன்றிகெட்டவன் இல்லை. கேட்பவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் முறையிடுவான்.

ஆகவே துன்பக் காலத்துக்கான செய்முறை வேறு. பட்டியலை நிறுத்துங்கள். முதலில் முறையீடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், உள்ளதை உள்ளபடி. அதன் பிறகு ஒரே ஒரு வரி. அந்த வரி துன்பத்துக்காக அல்ல, துன்பத்துக்குள் வந்து சேர்ந்த ஒரு கைக்காக. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டவர், நள்ளிரவில் போனை எடுத்தவர், எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அந்த வரியும் வராத நாளில் முறையீட்டோடு எழுந்துவிடுங்கள். வலிந்து எழுதிய வரி அடுத்த வாரம் படிக்கும்போது நம்மையே ஏமாற்றியது போலத் தெரியும், அதோடு பழக்கமே அறுந்துபோகும்.

மூன்று இடங்களில் இந்தப் பயிற்சியையே ஒதுக்கி வைக்க வேண்டும். ஒன்று, வீட்டில் அடி, மிரட்டல் என்று அனுபவிக்கிறவரிடம் கிடைத்ததற்கு நன்றியோடு இரு என்று சொல்வது. அங்கே முதல் தேவை பாதுகாப்பு. தீமைக்கு நன்றி சொல்லும்படி எந்தத் தெய்வமும் கேட்கவில்லை. இரண்டு, மனச்சோர்வு நோயில் இருப்பவர். அவர் கையில் பட்டியலைக் கொடுத்தால், 'இவ்வளவு இருந்தும் எனக்குச் சந்தோஷமில்லை, நான் எவ்வளவு கேவலம்' என்று அதையே தன்னை அடிக்கும் பிரம்பாக்கிக்கொள்வார். அவருக்கு முதலில் மருத்துவர். மூன்று, இழப்பு நடந்த முதல் வாரங்கள். அப்போது துக்கமே அன்பின் வேலை, அதை முடிக்க விடுங்கள்.

#11 நிழல்மரம்

வடகாற்று சொல்வதோடு ஒத்துப்போகிறேன். எங்கள் வழக்கிலும் 'அல்ஹம்துலில்லாஹி அலா குல்லி ஹால்', எந்நிலையிலும் புகழ் இறைவனுக்கே என்றுதான் சொல்கிறோம். ஷுக்ரும் ஸப்ரும் (பொறுமையும்) ஒன்றாகவே பேசப்படுபவை. கஸ்ஸாலி இரண்டையும் ஒரே பாகத்தில்தான் வைத்திருக்கிறார். சிலருக்குச் சில காலத்தில் பொறுமையே நன்றியின் வடிவம்.

#12 கைவிளக்கு

எழுதுவதைப் பற்றிச் சில நடைமுறைகள் சேர்க்கிறேன், பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

செல்பேசியில் எழுதாதீர்கள். எழுத எடுத்த கை அறிவிப்பைத் தொட்டுவிடும், அதோடு போயிற்று. கைக்கு அடக்கமான நோட்டு, ஒரு பேனா, இரண்டும் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தேதி கட்டாயம். இறைவனை விளித்தே எழுதுங்கள். 'இன்று மழை நின்றது' என்பது நாட்குறிப்பு, 'நீர் மழையை நிறுத்தினீர், துணி காய்ந்தது' என்பது ஜெபம். ஒரு சொல்தான் மாறுகிறது, ஆனால் மழைத்துளி கேட்ட மூன்றாவது சிக்கல் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லில் தீரும். யாருக்கும் காட்ட வேண்டாம், சமூக ஊடகத்தில் போட வேண்டாம். பார்வையாளர் வந்துவிட்டால் எழுத்து அவருக்காக நடக்கத் தொடங்கிவிடும்.

மாதக் கடைசியில் பழைய பக்கங்களைப் படியுங்கள், எழுதுவதைவிட இது முக்கியம். படிக்கும்போது ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று ஓரத்தில் கோடு போடுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்த மனிதரிடம் அந்த வாரமே நேரில் போய்ச் சொல்லுங்கள், எதற்கு என்று பெயர் சொல்லி. மனிதருக்கு நன்றி சொல்லாதவன் இறைவனுக்கும் நன்றி சொல்லாதவன் என்று நிழல்மரம் தரப்பில் நபிமொழி உண்டு, அதை இங்கே கடன் வாங்கிக்கொள்கிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை பெரிய கணக்கு. 136ஆம் சங்கீதம் 26 வசனம். படைப்பில் தொடங்கி, மக்களின் வரலாற்றைக் கடந்து, எல்லா உயிருக்கும் உணவு தருவதில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு வசனமும் அவர் கிருபை என்றுமுள்ளது என்று முடிகிறது. அதே அச்சில் உங்கள் வாழ்க்கையை 26 வரியாக எழுதுங்கள். பிறந்தது முதல் ஏழேழு ஆண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் கற்றுக்கொடுத்தவர், காப்பாற்றியவர், தப்பிய ஆபத்து என்று தேடினால் வரிகள் தாமாக வரும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், ஒரே உட்காரலில் முடிக்க வேண்டியதில்லை.

#13 தறிநூல்

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு சின்னக் குறிப்பு. 'இன்று சாமிக்கு எதற்கு நன்றி சொல்வாய்?' என்று கேட்டால் அம்மா, அப்பா, பொம்மை என்று ஒப்பித்துவிடுவார்கள். 'இன்று உனக்கு யார் உதவினார்கள்? என்ன செய்தார்கள்?' என்று கேளுங்கள். பதில் வந்ததும், 'அவரை உன் பக்கத்தில் அனுப்பியதற்குச் சாமிக்கு நன்றி சொல்லலாமா?' என்று அடுத்த படி. ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும். பெரியவர்களும் சொல்ல வேண்டும். சொன்னதைத் திருத்தாதீர்கள். பல்லிக்கு நன்றி சொன்னால் பல்லிதான். 'சாப்பாடு கிடைக்காத குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா?' என்று மிரட்டி வரவழைக்கும் நன்றி பயமாக மட்டுமே தங்கும்.

#14 மழைத்துளி

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது, எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்றே ஒன்று. விட்டுப்போன நாட்களை என்ன செய்வது? நாலு நாள் விட்டதும் அந்த நாலையும் ஈடுகட்ட வேண்டும் என்ற பாரம் ஏறி, நோட்டைத் திறக்கவே கை வராமல் போகிறது என்று பலர் சொல்கிறார்கள்.

#15 பழையஏடு

ஈடுகட்ட வேண்டாம். வெற்றுப் பக்கம் விட வேண்டாம், மன்னிப்பு வரியும் எழுத வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டு ஒன்று எழுதுங்கள். விட்ட நாளில் நடந்த ஏதாவது தானாக நினைவுக்கு வந்தால் அதை இன்றைய தேதியின் கீழேயே எழுதுங்கள், ஏனென்றால் அதை இன்றுதான் அறிந்தீர்கள். பத்து ஆண்டுக்கு முன் ஒருவர் செய்தது இன்றைக்குத்தான் உறைத்தது என்றாலும் அப்படியே. அவர் பெயர், அவர் செய்தது, இன்றைய தேதி.